கருவி மாறினால் சிடிஎக்ஸ் அளவும் மாறும்: ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

எலும்பு கரையும்போது அதன் கொலாஜன் உடைந்து ரத்தத்தில் கலக்கும் துண்டுதான் சிடிஎக்ஸ். எலும்புப்புரை மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இதை அளக்கிறார்கள். ரோஷ் எலெக்சிஸ், ஐடிஎஸ்-ஐசிஸ் என்ற இரண்டு லேப் கருவிகளும் இதே துண்டைத்தான் பிடிக்கின்றன. ஆனாலும் ஒரே ரத்தத்துக்கு ஒரே எண் வரும் என்று நம்பிவிடக் கூடாது. லேப் கருவியை மாற்றுமுன் இரண்டிலும் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

பெரும்பாலான குளறுபடி கருவிக்கு வருமுன்பே, ரத்தம் எடுக்கும் இடத்தில் நடந்துவிடும். சிடிஎக்ஸ் விடியற்காலையில் ஏறி, பிற்பகலில் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். ஆகவே இரவு முழுக்கப் பட்டினி, காலை ஏழரை முதல் பத்துக்குள் ரத்தம். ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ மருந்து உள்ள ஊதா மூடிக் குழாய் நல்லது, அதில் கிடைப்பது பிளாஸ்மா (உறையாத ரத்தத்தின் நீர்ப்பகுதி). சீரத்தைவிட (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) அதில் சிடிஎக்ஸ் நீண்ட நேரம் தாங்கும். சிவப்பணு உடைந்த சாம்பிளைத் தள்ளிவிடுங்கள், அதில் அளவு குறைந்து காட்டும். ஒரு கருவிக்கு சீரம், மற்றதற்கு பிளாஸ்மா என்று கொடுத்தால் ஒப்பிடுவது கருவியை அல்ல, குழாயை.

குறைந்தது 40 பேரின் சாம்பிள் வேண்டும். மருந்தால் அளவு அடங்கியவர்கள், மாதவிடாய் நின்று மருந்து தொடங்காதவர்கள், இடைப்பட்டவர்கள் என எல்லா அளவிலும் பரவியிருக்கட்டும். ஒரே நாளில் முடிக்காமல் ஐந்து நாளாவது பிரித்து, தினம் எட்டு வீதம் ஓட்டுங்கள். ஒரு நாள் கேலிபரேஷன் (கருவியின் அளவைச் சரிசெய்வது) பிசகினாலும் தெரிந்துவிடும். ஒரு சாம்பிளை இரு கருவிகளிலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கவும். கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சோதனை சாம்பிள்) சரியில்லாத நாளின் எண்களைச் சேர்க்க வேண்டாம். யூனிட்டைக் கவனியுங்கள்: மில்லிக்கு 0.3 நானோகிராமும் 300 பிக்கோகிராமும் ஒன்றே.

கணக்கிடும்போது கோரிலேஷனை (இரு கருவி எண்களும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) பார்த்து மயங்காதீர்கள். ஒரு கருவி எப்போதும் 30 சதவீதம் கூட்டிக் காட்டினாலும் கோரிலேஷன் 0.99 வரும். ஒரு கருவியின் எண்ணுக்கு எதிரே மற்றதன் எண்ணைக் குறித்து வரையும் பாசிங்-பாப்லோக் கோட்டில், சாய்வின் 95 சதவீத நம்பக எல்லைக்குள் 1, வெட்டுத்துண்டின் (கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம்) எல்லைக்குள் 0 விழுகிறதா என்று பாருங்கள். பிறகு பிளாண்ட்-ஆல்ட்மன் படத்தில், இரு எண்களின் சராசரிக்கு எதிரே அவற்றின் வித்தியாசத்தைச் சதவீதமாக வரையுங்கள். தாழ்ந்த அளவுகளில் மட்டும் விலகல் இருந்தால் அங்கேதான் தெரியும்.

எவ்வளவு விலகலைப் பொறுக்கலாம்? கருவியின் சிவி (அளவு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் சதவீதம்) 5, ஒரே ஆளிடம் நாளுக்கு நாள் மாறும் சிவி 10 என்று வைத்தால், 2.77-ஐ இரண்டின் வர்க்கக் கூட்டுத்தொகையின் மூலத்தால் பெருக்க 31 சதவீதம் வரும். அதற்குக் குறைந்த மாற்றத்தை மருந்தின் பலன் என்று சொல்ல முடியாது. கருவி மாற்றமே 25 சதவீதம் தள்ளினால், உண்மையான பலன் அதில் மறைந்துபோகும், இல்லாத பலனும் முளைக்கும்.

சிறுநீரகம் பழுதானவர்களின் சாம்பிளைத் தனியாக வரையுங்கள். வெளியேற வேண்டிய துண்டு ரத்தத்திலேயே தேங்குவதால் அவர்கள் கோட்டையே இழுத்துவிடுவார்கள். முடிக்காகப் பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்களையும் கேட்டு விலக்கவும். பயோட்டினை ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதம் பிடித்துக்கொள்வதை வைத்து ஓடும் சில கிட்டுகளில் அது சிடிஎக்ஸைப் பொய்யாகக் குறைக்கும். மருந்து அபாரமாக வேலை செய்வதுபோலத் தோன்றும்.

விலகல் பெரிதென்றால் பழைய எண்ணை ஒரு பெருக்கலால் புது எண்ணாக்க முயல வேண்டாம். மருந்தில் இருப்பவருக்கு ஒரே சாம்பிளில் இரு கருவி எண்ணும் கொடுத்து, புதியதை அடிப்படை அளவாகக் குறியுங்கள். ரிப்போர்ட்டில் கருவியின் பெயரும், அந்தக் கருவிக்குரிய இயல்பு எல்லையும் அச்சாக வேண்டும்.