நாட்டின் மருத்துவச் செலவைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாடு மக்களின் உடல்நலத்துக்கு எவ்வளவு செலவிடுகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் சுகாதார அமைச்சின் ஒதுக்கீட்டையே சொல்வார்கள். முதல் தவறு இதுதான். கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை உயர்கல்வி அமைச்சின் கீழ் இயங்குகிறது. படை மருத்துவமனைகள் தற்காப்பு அமைச்சைச் சேர்ந்தவை. வேலையிடத்தில் அடிபட்ட தொழிலாளியின் சிகிச்சைக்குப் பெர்கெசோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் பணம் தருகிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரே அமைச்சின் ஏட்டைப் பார்த்துத் தீட்டும் திட்டம் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

இதைவிடப் பெரிய தவறு, குடும்பங்கள் கைக்காசிலிருந்து கொடுப்பதைக் குறைத்து மதிப்பிடுவது. பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் வசிக்கும் என் அத்தைக்கு நீண்ட நாளாக நீரிழிவு. அரசாங்கக் கிளினிக்கில் அவர் கட்டுவது 1 ரிங்கிட். அந்த ஒரு ரிங்கிட்டை மட்டும் பார்த்தால் அவருக்குச் செலவே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால், பழைய பிஸ்கட் டின் ஒன்றில் அவர் சேர்த்து வைத்திருக்கும் ரசீதுகளை ஒருநாள் மேசைமேல் பரப்பியபோது, சர்க்கரை பார்க்கும் பட்டைகள், கால் புண்ணுக்கான களிம்பு, கூட்டம் அதிகமாக இருந்த நாள்களில் போன தனியார் கிளினிக், கண் பரிசோதனை என்று மேசையே நிறைந்துவிட்டது. மலேசியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் வீட்டுப் பணத்திலிருந்து போகிறது. சொந்தச் செலவில் போன டாக்சிக் கட்டணம் இந்தக் கணக்கில் சேராது. ஆயினும் சிகிச்சை ஏழைக்கு எட்டுகிறதா என்று ஆராய்பவர் அதையும் கேட்டே ஆக வேண்டும்.

வீடு வீடாகச் சென்று கேட்கும்போது ஓராண்டுச் செலவை மொத்தமாகச் சொல்லச் சொல்வதும் பிழையில் முடியும். அறுவை சிகிச்சை நினைவில் நிற்கும். மாதாமாதம் வாங்கிய மாத்திரை நிற்காது. எனவே மருத்துவமனையில் தங்கிப் பெற்ற சிகிச்சைக்கு ஓராண்டும், மருந்துக்கும் கிளினிக்குக்கும் சில வாரங்களும் எனக் கால அளவைப் பிரித்துக் கேட்பதே நல்லது.

ஒரே பணத்தை இருமுறை எண்ணுவது அடுத்த தவறு. நோயாளி 8,000 ரிங்கிட் கட்டி, காப்புறுதி நிறுவனம் 6,000 ரிங்கிட்டைத் திருப்பித் தந்தால், குடும்பத்தின் செலவு 2,000, காப்புறுதியின் செலவு 6,000, மொத்தம் 8,000 மட்டுமே. மருத்துவமனையின் ரசீதையும் காப்புறுதியின் பட்டியலையும் அப்படியே கூட்டுபவர் 14,000 என்று எழுதிவிடுவார்.

பினாங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தோனேசியாவின் மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் ஏராளமானோர் இங்குள்ள தனியார் மருத்துவமனைகளுக்குச் சிகிச்சை தேடி வருகிறார்கள். பன்னாட்டு அளவில் பின்பற்றப்படும் 2011ஆம் ஆண்டின் சுகாதாரக் கணக்கு முறை, நாட்டில் வாழ்பவர்கள் பெற்ற சேவைக்கான செலவையே எண்ணுகிறது. அயல்நாட்டார் தந்த பணம் ஏற்றுமதி வருவாய். மருத்துவமனைகளின் வருமானத்தை மட்டும் வைத்து உள்ளூர் மக்களின் செலவை மதிப்பிட்டால், பினாங்கு மக்கள் செலவிடாத பணமும் அவர்கள் தலையில் ஏறிவிடும்.

விகிதங்களிலும் கவனம் வேண்டும். 2020இல் நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. அத்தகைய ஆண்டில் ஒரு காசு கூடுதலாகச் செலவிடாவிட்டாலும் உள்நாட்டு உற்பத்தியில் சுகாதாரத்தின் பங்கு உயர்ந்தே தெரியும். 2023இல் மக்களவை ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை எனும் அரசாங்கக் கொள்கை ஆவணம் இலக்காகச் சொல்லும், உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காடு என்பது அரசாங்கச் செலவை மட்டுமே குறிப்பது. தனியார் செலவும் சேர்ந்த மொத்த விகிதத்தோடு அதை ஒப்பிட்டு, இலக்கை எட்டிவிட்டதாகச் சொல்வது மிகவும் தவறு.

ஒதுக்கிய தொகை வேறு, செலவான தொகை வேறு என்பதைத் தனியே விளக்கத் தேவையில்லை. கட்டடச் செலவையும் நடைமுறைச் செலவையும் கலப்பதுதான் திட்டமிடலை அதிகம் கெடுக்கிறது. மருத்துவமனை ஒருமுறை கட்டப்படுகிறது. தாதியர் சம்பளமும் மருந்தும் கருவிப் பராமரிப்பும் ஆண்டுதோறும் வரும். வெளிநாட்டு நிதியை நம்பியிருக்கும் ஏழை நாடுகளில் இது இன்னும் கடுமையாகத் தாக்குகிறது: கொடையாளர் மூன்றாண்டு கழித்து விலகும்போது, கட்டடமும் கருவியும் நிற்கும், அவற்றை இயக்குபவருக்கான சம்பளத்துக்கு எந்த ஏட்டிலும் இடம் இருக்காது. ஆகையால் திறப்பு விழாவுக்கு முன்பே, குறைந்தது அடுத்த பத்தாண்டுக்கான நடைமுறைச் செலவையும் அதை ஏற்பவர் யார் என்பதையும் திட்டத்தில் எழுதிவிட வேண்டும்.