வாலிபர் ஊழியப் பயணத்துல தலை எண்ணாதீங்க, நம்பர் குடுங்க

லீவுல வாலிபப் பிள்ளைங்கள ஊழியத்துக்கும் சேவைக்கும் கூட்டிட்டுப் போற அண்ணன் அக்காமாருங்க, கிளம்புறதுக்கு முன்னாடியே ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்துருங்க, பஸ் ஏறுறப்பெல்லாம் நீங்க தலை எண்ணாம அவங்களையே ஒண்ணு ரெண்டுன்னு வரிசையா சத்தமா சொல்ல வைங்க.

தலை எண்ணும்போது பிள்ளைங்க இடம் மாறிக்கிட்டே இருப்பாங்க, ஒருத்தனையே ரெண்டு தடவை எண்ணிருவோம், ஒரு ஆள் குறையுதுன்னு தெரிஞ்சாலும் அது யாருன்னு கண்டுபிடிக்கவே கால்மணி நேரம் போயிரும். நம்பர்னா 17க்கு அப்புறம் சத்தம் வரலைன்னா லிஸ்ட்ட பாத்து 18 யாருன்னு உடனே சொல்லிரலாம், வேளாங்கண்ணி கூட்டத்துலயும் தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டுலயும் இது அவ்ளோ உதவும். ஒருத்தர் நம்பர இன்னொருத்தர் சொல்லக்கூடாதுன்னு மட்டும் முதல்லயே கண்டிப்பா சொல்லிருங்க, ஃப்ரெண்ட்ஸுக்காக நிச்சயம் சொல்லுவாங்க.

பத்து பேருக்குள்ளன்னா இது தேவையில்ல. ரெண்டு கிராமத்துக்குப் பிரிஞ்சு போனா டீமுக்கு டீம் தனி வரிசை வேணும். தண்ணி பக்கத்துல மட்டும் தயவுசெஞ்சு இத நம்பாதீங்க. காவிரி மே மாசம் காஞ்சு கிடக்குற ஆறுதான், ஆனா ஜூன் 12 வாக்குல மேட்டூர் அணை தொறந்தா சில நாள்லயே கல்லணை தாண்டி தண்ணி வந்துரும், தரங்கம்பாடி கடற்கரையும் அப்படித்தான், நம்பர் சொல்லி முடிச்ச அடுத்த நிமிஷமே ஒருத்தன் அலைக்குள்ள இறங்கிருவான், அங்கல்லாம் நீச்சல் தெரிஞ்ச பெரியவங்க ரெண்டு பேராவது கண்ண எடுக்காம கரையிலயே நிக்கணும்.