ஆஸ்டியோபதி சிகிச்சைக்குப் போகும் முன்: சிங்கப்பூரில் நம்மில் பலர் செய்யும் தவறுகள்

இடுப்பு பிடித்துக்கொண்டால் முதலில் கோடாலித் தைலம், அது கேட்காவிட்டால் சுளுக்கு எடுப்பவர், அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர். நம் வீடுகளில் பல காலமாக இதுதான் வரிசை. இப்போது அந்த வரிசையில், தசையையும் மூட்டையும் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் ஆஸ்டியோபதி சிகிச்சையும் சேர்ந்துவிட்டது. வேலையிடத்தில் யாராவது சொல்கிறார்கள், கைப்பேசியில் முதுகு 'டக்'கென்று சத்தமிடும் காணொளி கண்ணில் படுகிறது, அன்றைக்கே முன்பதிவு செய்துவிடுகிறோம். நன்றாகப் பயின்ற ஒருவரின் கைபட்டால் இடுப்பு, கழுத்து வலிகளில் இதம் கிடைப்பது உண்மை. அந்தக் கையிடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

யாரிடம் போகிறோம் என்பதிலேயே தவறு தொடங்குகிறது. சிங்கப்பூரில் டாக்டர்களுக்குச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேடு இருக்கிறது. பிசியோதெரபிஸ்டுகள் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தாக வேண்டும். சீன மருத்துவர்களுக்கும் தனிச் சட்டம் உண்டு. ஆஸ்டியோபதிக்கு அப்படிச் சட்டப்பூர்வப் பதிவுமுறை இங்கே கிடையாது. அதனால் முழுநேரப் பட்டப்படிப்பு முடித்தவரும், சில வார வகுப்புக்குப் போய்வந்தவரும் ஒரே மாதிரிப் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள முடியும். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொது ஆஸ்டியோபதி மன்றம் இருக்கிறது, ஆஸ்திரேலியாவிலும் தேசியப் பதிவேடு உண்டு. இரண்டையும் இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். "எங்கே படித்தீர்கள், எந்த நாட்டில் பதிவு செய்திருக்கிறீர்கள்?" என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். ஒழுங்காகப் படித்தவர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்த முறையை 1874இல் அமெரிக்காவில் தொடங்கிவைத்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர். அந்த நாட்டில் ஆஸ்டியோபதி பட்டம் பெறுகிறவர்கள் மருந்து எழுதவும் அறுவை சிகிச்சை செய்யவும் உரிமம் பெறும் முழு மருத்துவர்கள். மற்ற நாடுகளில் பயின்ற ஆஸ்டியோபதி சிகிச்சையாளர் மருத்துவர் அல்லர். மரியாதைக்காக அவரை 'டாக்டர்' என்று கூப்பிட்டுப் பழகி, கடைசியில் நோயைக் கண்டுபிடிக்கும் பொறுப்பையும் அவர் தலையில் கட்டிவிடுகிறோம். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன்.

ஏனென்றால் எல்லா வலியும் தசையிலிருந்து வருவதில்லை. இடுப்பு வலியோடு இரண்டு காலும் வலுவிழந்தால், தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போனால், சிறுநீர் தங்காமல் போனாலோ வராமல் நின்றாலோ, அது முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதற்கான அறிகுறி. நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மறுநாள் வரை பொறுத்திருந்தால் நிரந்தர ஊனமாகிவிடலாம். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் ராத்திரியில் தூங்கவிடாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாகத் தொடங்கும் எலும்பு வலி, குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியின் இடுப்பு வலி, இவற்றையெல்லாம் முதலில் டாக்டர்தான் பார்க்க வேண்டும். இடது தோளும் தாடையும் வலித்து வேர்த்துக் கொட்டினால் "வாயுப் பிடிப்பு" என்று யாரையும் நீவிவிடச் சொல்லாதீர்கள். 995ஐ அழையுங்கள்.

தோள் வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிங்கப்பூர் இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கு உறைந்த தோள் எனப்படும் பிரச்சினை மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. ரவிக்கையின் பின் ஊக்கு எட்டாது, தலை பின்ன முடியாது, எம்ஆர்டியில் மேல் கைப்பிடியைப் பிடிக்கப் போனால் உயிர் போகும். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் உங்கள் முன்கையை மெதுவாக வெளிப்பக்கமாகத் திருப்பட்டும். அடுத்த கை எளிதாகத் திரும்பும் இடத்தில் வலிக்கும் கை பாதியிலேயே முட்டி நின்றால், உறைந்த தோளாக இருக்க வாய்ப்பு அதிகம். வலி கொதிக்கும் ஆரம்ப மாதங்களில் இந்தத் தோளைப் பலவந்தமாகத் தூக்கி இழுத்தால் வலி கூடுமே தவிரத் தோள் இளகாது. "பிடிப்பை உடைத்துவிடுகிறேன்" என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பலதுறை மருந்தகத்தில் காட்டினால் சர்க்கரை அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள், தேவையென்றால் பிசியோதெரபிக்கு அனுப்புவார்கள். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள்களுக்குச் சர்க்கரை ஏறும், அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இனி அந்த 'டக்' சத்தம். எலும்பு இடம் மாறி உட்காரும் சத்தம் என்றே பலர் நம்புகிறார்கள். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக்குழி உண்டாவதால் வரும் சத்தம் அது. விரல் மூட்டைச் சொடக்கும்போதே எம்ஆர்ஐ எடுத்து 2015இல் இதைக் காட்டினார்கள். சத்தம் வந்ததால் வலி தீர்ந்தது என்றோ, வராததால் காசு வீண் என்றோ நினைக்கத் தேவையில்லை. "டிஸ்க் விலகியிருக்கிறது, தள்ளி உள்ளே வைக்கிறேன்" என்பதும் அப்படித்தான். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பதுதான் டிஸ்க். டிஸ்க்கைக் கையால் தள்ளி உள்ளே வைக்க முடியாது. போதாக்குறைக்கு, வலியே இல்லாதவர்களின் முதுகைப் படம் பிடித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுக்கம் தெரிந்தது. அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் பயந்துபோய் இருபது தடவைக்கான தொகுப்பை வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கழுத்தை வெடுக்கென்று திருப்பும் முறையை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மிக அரிதாக, கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் (ஆஸ்டியோபோரோசிஸ்), ருமட்டாய்டு மூட்டுவாதம் உள்ளவர்கள் இதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். நாம் சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லாமல் மறைப்பது, அல்லது "பிரஷர் மாத்திரைதான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படுப்பது, நம்மவர்களிடம் ரொம்பச் சாதாரணம். மாத்திரைப் பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனால் போதும். சிகிச்சைக்குப் பிறகு இதுவரை வராத கடும் தலைவலி, இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல் வந்தால் அதுவும் 995தான்.

நல்ல சிகிச்சையாளர் ஒரு தடவையில் என்ன செய்வார் தெரியுமா? முதலில் உட்கார வைத்து வலியின் கதையைக் கேட்பார். நிற்க, குனிய, திரும்பச் சொல்லிப் பார்ப்பார். பிறகு தசையை இளக்குவார், மூட்டை மெல்ல அசைத்துக் கொடுப்பார். ஒரு முறையில், உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு "என் கைக்கு எதிராகத் தள்ளுங்கள்" என்பார். சில விநாடி தள்ளி, விட்டு, மூச்சு விட்டதும் கால் முன்பைவிட இன்னும் கொஞ்சம் எட்டும். அதில் பாதி வேலை உங்களுடையது. வீட்டுக்குப் போகும்போது இரண்டு மூன்று பயிற்சிகளையும் சொல்லித் தருவார். நம்மில் பலர் வாசலைத் தாண்டியதும் அதை மறந்துவிடுகிறோம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட இடுப்பு வலி வழிகாட்டி, கையால் செய்யும் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் பரிந்துரைக்கிறது, தனியாக அல்ல. வலி குறைந்திருக்கும் அந்த இரண்டு மூன்று நாளில்தான் உடம்பை அசைத்துப் பழக்க முடியும். அதைச் சோபாவில் கழித்தால் அடுத்த வாரம் அதே வலியோடு அதே கட்டிலில் படுக்க வேண்டியதுதான். ஒரு நாள், இரண்டு நாள் உடம்பு நோவது இயல்பு, பயப்பட வேண்டாம். அதே நாளில் சுளுக்கு எடுப்பவரிடமும் போய் இன்னொரு முறை உருவிக்கொள்ளாதீர்கள்.

நான்கு தடவைக்குள் வலியிலோ அசைவிலோ ஏதாவது மாற்றம் தெரிய வேண்டும் என்பது என் கணக்கு. தெரியவில்லை என்றால் டாக்டரிடம் திரும்பிப் போங்கள். அதனால்தான் முதல் நாளே மொத்தமாக முன்பணம் கட்டக் கூடாது என்கிறேன். மெடிசேவில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போகாதீர்கள், ஆஸ்டியோபதிக்கு அது உதவாது. கம்பெனிக் காப்புறுதி சில சமயம் கொடுக்கும், அதற்கும் டாக்டரின் பரிந்துரைக் கடிதம் கேட்கக்கூடும். போவதற்கு முன் மனிதவளப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்டுமானத் தளத்திலும் கிடங்கிலும் வேலை செய்யும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. மூட்டை தூக்கும்போதோ ஏணியிலிருந்து சறுக்கியோ அடிபட்டால், லிட்டில் இந்தியாவில் யாரிடமாவது நீவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகாதீர்கள். அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், அதைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பி வையுங்கள். டாக்டரைப் பார்த்து, வேலையில்தான் அடிபட்டது என்று சொல்லி எழுத வையுங்கள். ஆஸ்டியோபதி சிகிச்சையாளர் தரும் சீட்டு எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) ஆகாது, பதிவு பெற்ற டாக்டர் தருவதே செல்லும். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டு ஊழியருக்கும் பொது. மருத்துவச் செலவும் மருத்துவ விடுப்புக்கான சம்பளமும் முதலாளி பொறுப்பு. இழப்பீடு கோர விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் இருக்கிறது.