கொரியாவிலிருந்து தத்துப் போனவர்கள் பெற்றோரைத் தேடுவது எப்படி?

முதலில், கையிலிருக்கும் தத்துக் காகிதங்களை அப்படியே நம்பாதீர்கள். கொரியப் போருக்குப் பின் 1950களில் தொடங்கி 1980களில் உச்சத்தைத் தொட்ட இந்த வெளிநாட்டுத் தத்தில், பெற்றோர் உயிரோடிருந்த குழந்தைகளையும் அநாதை என்று பதிவேட்டில் எழுதி விமானம் ஏற்றியிருக்கிறார்கள், 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை ஆணையமே (பழைய மனித உரிமை மீறல்களை விசாரித்த அரசு அமைப்பு) இதைச் சொன்னது. அதனால் 'தெருவில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை' என்ற வரியைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம்.

சரி, அப்புறம்? சியோலிலுள்ள குழந்தை உரிமைகளுக்கான தேசிய மையத்திடம் உங்கள் தத்து ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பியுங்கள். பெற்றோர் சம்மதித்தால்தான் அவர்கள் விவரம் கிடைக்கும் (எரிச்சலான விதிதான்). குடும்ப விவரமே இல்லாதவர்கள் டிஎன்ஏ மாதிரி கொடுக்கலாம். 2020 முதல் பல நாடுகளில் கொரியத் தூதரகத்திலேயே எடுத்துக்கொள்கிறார்கள்.