முழங்கை பிரேஸ்: அளவு தவறுவது எங்கே?

முழங்கைக்குத் தாங்கலாகப் போடும் உறை அல்லது பட்டைதான் முழங்கை பிரேஸ். அதை வாங்கியவர்கள் சொல்லும் குறைகளில் இரண்டு அடிக்கடி வரும். ஒன்று, "போட்ட கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வரைக்கும் இறங்கிவிடுகிறது." இன்னொன்று, "விரலெல்லாம் மரத்துப்போகிறது." இரண்டுக்கும் பொருளின் தரத்தைத்தான் முதலில் குறை சொல்வோம். விசாரித்துப் பார்த்தால், டேப்பைச் சுற்றிய இடமே தவறாக இருக்கும்.

வகையை முடிவு செய்யாமல் அளவெடுக்க உட்காருவதுதான் எல்லாவற்றுக்கும் முதல் தவறு. முழங்கைக்கென்று ஒரே ஓர் அளவு கிடையாது. உறை மாதிரி இழுத்துப் போடும் ஸ்லீவுக்குப் பல நிறுவனங்கள் மூட்டின் நடுச்சுற்றளவைக் கேட்கின்றன. டென்னிஸ் எல்போ என்னும் முழங்கை வெளிப்பக்க வலிக்குக் கட்டும் ஒல்லியான ஸ்ட்ராப்புக்கு முன்கையின் பருத்த பகுதியின் சுற்றளவு வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு போடும் கீல் வைத்த பிரேஸுக்கு, மூட்டுக்கு மேலேயும் கீழேயும் தனித்தனியாகச் சுற்றளவும், சிலவற்றில் கையின் நீளமும் தேவைப்படும்.

ஒரே கையில் இந்த எண்கள் எவ்வளவு மாறும் என்று பாருங்கள். மூட்டில் 26 செ.மீ., முன்கையின் பருத்த இடத்தில் 28.5 செ.மீ., மூட்டுக்கு மேலே 10 செ.மீ. தள்ளி 30 செ.மீ. இருக்கும் ஒரு கை என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் 25 முதல் 28 வரை மீடியம், 28 முதல் 31 வரை லார்ஜ் என்று இருந்தால், டேப் எந்த இடத்தில் சுற்றியது என்பதைப் பொறுத்து அதே கை மீடியமும் ஆகும், லார்ஜும் ஆகும். அதனால் அட்டவணையின் எண்களைப் பார்ப்பதற்கு முன், பக்கத்தில் இருக்கும் படத்தைப் பாருங்கள். அம்புக்குறி எங்கே நிற்கிறதோ அங்கேதான் டேப் போக வேண்டும். சட்டை அளவை வைத்து ஊகிப்பது வேலைக்காகாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் லார்ஜாக இருப்பதும் சாதாரணம்.

அடுத்தது, கையை வைத்திருக்கும் நிலை. முழங்கையை மடக்கினால் பின்பக்க எலும்பு முனை புடைத்து வரும். அதன் மேல் டேப் ஏறினால் சுற்றளவு கூடிவிடும். நீட்டிய கையில் எடுக்கச் சொன்ன அளவை மடக்கிய கையில் எடுத்தால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடுவீர்கள். சில அட்டவணைகள் லேசாக மடக்கிய நிலையைக் கேட்கும், அப்போது அப்படியே செய்யுங்கள். எதுவும் சொல்லவில்லையென்றால் கையை நீட்டி, தளர்வாக விட்டு எடுப்பது பாதுகாப்பு. விரல்களை இறுக்கி முஷ்டி பிடிக்கக் கூடாது. முஷ்டி பிடித்தால் முன்கைத் தசை புடைத்து எண் ஏறும்.

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். சட்டைக் கையின் மேல் சுற்றாமல் தோலில் படும்படி சுற்றுங்கள். டேப் சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், பின்பக்கம் சரிந்தால் அளவு கூடும். தோலைத் தொட்டால் போதும், சதை பிதுங்கக் கூடாது. ஒற்றைக் கையால் நேராகச் சுற்றுவது சிரமம் என்பதால் இன்னொருவரை எடுக்கச் சொல்வது நல்லது. மூன்று முறை எடுத்து, இரண்டு முறை ஒத்துவரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். டேப் இல்லையென்றால் நீளாத நூலைச் சுற்றிக் குறித்து, ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். கம்பளி நூல் இழுத்த இழுப்புக்கு வரும், அது வேண்டாம். டேப்பின் ஒரு பக்கம் செ.மீ., மறுபக்கம் அங்குலம் என்பதும் பலரைக் கவிழ்த்திருக்கிறது. ஓர் அங்குலம் 2.54 செ.மீ. என்பதால், 11 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 28 செ.மீ.

வலியில்லாத கையை அளந்து வலியுள்ள கைக்கு வாங்குகிறார்கள். அதிகம் பயன்படுத்தும் கையின் முன்கை பெரும்பாலும் சற்றுப் பருத்திருக்கும், அடிபட்ட கையில் வீக்கமும் சேர்ந்திருக்கும். போடப்போகும் கையைத்தான் அளக்க வேண்டும். வீக்கம் நாளுக்கு நாள் மாறுகிறதென்றால் இழுத்துப் போடும் ஸ்லீவைத் தள்ளிவைத்துவிட்டு, வெல்க்ரோ பட்டை வைத்து இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையை எடுங்கள். விழுந்து அடிபட்ட பிறகு கையை முழுதாக நீட்ட முடியவில்லை, அல்லது மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வருகிறது என்றால் அளவெடுக்கும் வேலையையே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

<b>ஸ்ட்ராப்பை எலும்பின் மேல் கட்டுவது</b>

டென்னிஸ் எல்போ ஸ்ட்ராப்பில்தான் தவறு அதிகம். வலிக்கும் இடம் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முடிச்சு. அதனால் பட்டையையும் அந்த முடிச்சின் மேலேயே கட்டிவிடுகிறார்கள். பட்டையின் வேலையே வேறு. மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் அந்த முடிச்சில்தான் வந்து பிடித்திருக்கின்றன. தசையின் மேல் பட்டை அழுத்தும்போது, தசை இழுக்கும் இழுப்பு முழுவதும் முடிச்சுக்குப் போய்ச்சேராமல் கொஞ்சம் தடுக்கப்படுகிறது. எலும்பின் மேல் கட்டினால் நொந்த இடமே மேலும் நோகும்.

இடத்தை இப்படிக் கண்டுபிடிக்கலாம். கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையை மடக்கி, வெளிப்பக்க முடிச்சைத் தொடுங்கள். அங்கிருந்து மணிக்கட்டுப் பக்கமாக இரண்டு விரல் அகலம் இறங்குங்கள். அங்கே விரலை வைத்தபடி மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் தூக்கினால் விரலுக்கடியில் தசை திரளும். பட்டையின் திண்டு அந்தத் தசையின் மேல் உட்கார வேண்டும், அளவும் அதே மட்டத்தில் எடுக்க வேண்டும். வலி உள்பக்கம் இருந்தால், அதாவது கோல்ஃபர்ஸ் எல்போ என்றால், இதே முறையை உள்பக்க முடிச்சிலிருந்து செய்யுங்கள். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் மடக்கும்போது திரளும் தசைதான் அங்கே குறி.

கை தளர்ந்திருக்கும்போது பட்டை உறுத்தாமல் நிற்க வேண்டும், முஷ்டி பிடிக்கும்போது அழுத்தம் தெரிய வேண்டும். சும்மா இருக்கும்போதே கடித்தால் இறுக்கம் அதிகம். முன்கையில் நரம்புகளும் ஓடுகின்றன, "இறுக்கமாகக் கட்டினால்தான் பலன்" என்ற நினைப்பு அங்கேதான் வினையாகிறது. வேலை செய்யும்போதும் விளையாடும்போதும் கட்டிக்கொண்டு, ஓய்வில் கழற்றிவிடுங்கள். மருத்துவர் சொல்லாமல் இதைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டாம்.

மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகிறவர்கள் இந்தப் பட்டை வகையையே தவிர்ப்பது நல்லது. முழங்கை எதிலாவது இடித்தால் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் தெரிகிறதே, அந்த நரம்பு உள்பக்க முடிச்சுக்குப் பின்னால் தோலுக்குச் சற்றுக் கீழேயே போகிறது. அதன் மேல் இறுக்கமான ஸ்லீவோ திண்டோ அழுத்தினால் மரப்பு கூடும். அவர்களுக்குப் பொதுவாக உதவுவது, இரவில் முழங்கை அதிகம் மடங்காமல் பார்த்துக்கொள்ளும் தளர்வான, மெத்தென்ற ஸ்பிளின்ட், அதாவது கையைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு.

<b>இரண்டு சைஸுக்கு நடுவில்</b>

அளவு சரியாக எல்லைக்கோட்டில் விழுந்தால், முதலில் நிறுவனம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். எதுவும் சொல்லவில்லையென்றால் நாள் முழுக்கப் போடும் ஸ்லீவுக்குப் பெரியதே மேல். சிறியதை எடுப்பது, எடை தூக்குவது போன்ற பயிற்சிக்காக அரை மணி, ஒரு மணி நேரம் மட்டும் போடுபவர்களுக்குச் சரிவரலாம். மேல்கை லார்ஜ், முன்கை மீடியம் என்று வருபவர்களுக்குக் குழாய் வடிவ ஸ்லீவ் எந்த சைஸிலும் ஒழுங்காக நிற்காது. மேல் விளிம்பு சுருண்டு, சுருண்ட இடம் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். மேலும் கீழும் தனித்தனிப் பட்டை உள்ளதை வாங்குங்கள்.

கீல் பிரேஸில் இடது வலது பார்த்து வாங்குங்கள், பல மாடல்கள் ஒரு கைக்கு மட்டுமே. கீலின் நடுப்புள்ளி எலும்பு முடிச்சுக்கு நேராக நிற்க வேண்டும். அது இறங்கிவிட்டால் கை ஓரிடத்திலும் பிரேஸ் வேறிடத்திலும் மடங்கும். எத்தனை டிகிரி வரை மடங்கலாம் என்ற அமைப்பை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ தவிர யாரும் தொடக் கூடாது.

பல ஸ்லீவ்களில் உள்ள நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் சூட்டைப் பிடித்து வைக்கும், வேர்க்கும். சிலருக்கு அதிலுள்ள வேதிப்பொருள்களே அரிப்பைக் கொடுக்கும். அப்படியானால் காற்றோட்டமான பின்னல் துணிக்கு மாறலாம். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) அலர்ஜி உள்ளவர்கள் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வந்ததும் லேபிளைக் கிழித்துவிடாதீர்கள். போட்டுக்கொண்டு பத்து முறை மடக்கி நீட்டுங்கள், 20 நிமிடம் வைத்திருங்கள். விரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். விரல் குளிர்ந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ உடனே கழற்றுங்கள், அந்த சைஸ் உங்களுக்கு ஆகாது. விளிம்பின் தடம் தோலில் விழுந்து அரை மணிக்குள் மறைந்தால் பரவாயில்லை. மடக்கி நீட்டியதிலேயே இரண்டு விரல் அகலம் இறங்கியிருந்தால் சிறிய சைஸைக் கேளுங்கள். பட்டை வைத்த வகையை மட்டும் கொஞ்சம் இறுக்கிவிட்டு இன்னொரு முறை சோதியுங்கள்.

சில வாரங்களில் வீக்கம் வடிந்தும், பயன்படுத்தாத தசை மெலிந்தும் கை இளைக்கும். அப்போது தொளதொளவென்று ஆன பிரேஸைப் பின் குத்திச் சமாளிப்பதைவிட, முதலில் எழுதி வைத்த அதே இடங்களில் மறுபடி டேப்பைச் சுற்றிப் பாருங்கள். அளவு மாறாமல் பிரேஸ் மட்டும் தளர்ந்திருந்தால், வெந்நீரில் துவைத்ததாலோ வெயிலில் போட்டதாலோ அதன் இழுவை போயிருக்கலாம். அதே சைஸில் புதியது வாங்கினால் போதும்.