கனவென்று தெரிந்தே கனவு காண: எங்கே தவறுகிறோம்?

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே “அட, இது கனவுதானே” என்று தெரிந்துவிட்டால் அதுதான் லூசிட் ட்ரீம். இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் 1975இலேயே இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைக் கருவியில் பதிவு செய்துவிட்டார். ஆலன் வோர்ஸ்லி என்பவர், முன்கூட்டிப் பேசிவைத்தபடி, கனவுக்குள் இருந்தே கண்களை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். சில ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜும் அதைச் செய்து காட்டினார். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு கணக்குப்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிக் கனவு கண்டவர்கள் சுமார் 55 சதவீதம். தானாக வருவது அப்படியொன்றும் அபூர்வமில்லை. நாமாக வரவழைக்கப் பார்க்கும்போதுதான் சொதப்புகிறோம்.

பெரிய சொதப்பல் தூக்கத்தில் கை வைப்பது. நம் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம்தான் அதிகம். தெளிவான கனவுகள் வரும் ரெம் கட்டம் அப்போது சில நிமிடங்களே இருக்கும். விடிய விடிய அது நீண்டுகொண்டே போகும். ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு அலாரம் வைத்து எழுகிறவர் வெட்டி எறிவது சரியாக அந்தக் கடைசிப் பகுதியைத்தான். அதற்குப் பிறகு எந்த உத்தியைப் பிடித்துத் தொங்கினாலும் பயன் குறைவு. இரவில் மது குடித்தாலும் ரெம் தூக்கம்தான் அடிபடும்.

இன்னொரு கோஷ்டி, படுத்தவுடனேயே “நினைவோடு கனவுக்குள் நுழைகிறேன்” என்று விறைப்பாகப் படுத்துக்கிடக்கும். பத்து மணிக்கு அது வேலைக்காகாது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் தூங்கி, எழுந்து, கொஞ்ச நேரம் விழித்திருந்து, மறுபடி படுப்பதில்தான் வாய்ப்பு அதிகம். மறுபடி படுக்கும்போது, “அடுத்து கனவு வந்தால் அது கனவென்று ஞாபகம் வரும்” என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். லாபெர்ஜ் வகுத்த வழி இது. வெறும் மந்திரம் போல முணுமுணுத்தால் போதாது. சற்று முன் கண்ட கனவை மனதில் ஓட்டி, அதற்குள் விழித்துக்கொண்டதாக நினைத்துப் பார்த்தபடியே தூங்கிப்போக வேண்டும். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், உத்திகளைச் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் முயன்ற இரவுகளில் 17 சதவீதத்தில் வெற்றி கிடைத்தது. சொல்லி முடித்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களிடம் அது 46 சதவீதம். அதாவது முக்கி முனகி விழித்துக் கிடப்பவருக்கு இது வசப்படுவது கஷ்டம். வேலைநாளில் இப்படி நடுராத்திரி எழுந்து உட்காராதீர்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரியாலிட்டி செக். பகலில் அடிக்கடி “நான் கனவில் இருக்கிறேனா?” என்று சோதித்தால் அந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் வரும் என்பது கணக்கு. நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? போனில் மணியடித்ததும் கையைப் பார்க்கிறார்கள், விரல் ஐந்துதான், சரி, அடுத்த வேலை. பதிலை முன்பே முடிவு செய்துவிட்டுக் கேட்கிற கேள்வி அது. கனவிலும் அதே அலட்சியத்தோடு ஆறு விரலைப் பார்த்துவிட்டு “சரிதான்” என்று நகர்ந்துவிடுவீர்கள். ஒருமுறை செய்தாலும் நிஜமாகச் சந்தேகப்படுங்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறீர்கள். வருகிற பஸ்ஸின் நம்பரைப் படியுங்கள், தலையைத் திருப்புங்கள், மறுபடி படியுங்கள். கனவில் எழுத்தும் எண்ணும் பெரும்பாலும் மாறிவிடும். இங்கே எப்படி வந்தேன், ஐந்து நிமிடம் முன்பு எங்கே இருந்தேன் என்று பின்னோக்கி யோசியுங்கள். மூக்கை இறுகப் பிடித்து மூச்சிழுத்துப் பாருங்கள். கனவென்றால் மூச்சு தாராளமாக உள்ளே போகும். இந்தச் சோதனை மட்டும் போதும் என்று நம்புவதும் தவறுதான். ஆஸ்பியின் ஆய்வில் தனியாக இதை மட்டும் செய்தவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை.

கனவே ஞாபகம் இல்லாதவர் நேராக லூசிட் ட்ரீமுக்குத் தாவுவதும் உண்டு. வந்தாலும் காலையில் மறந்துபோகும் என்பதை யோசிப்பதில்லை. தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். போன் வேண்டாம், திறந்தால் வாட்ஸ்அப் நிற்கும், கனவு நிற்காது. கண் விழித்ததும் அசையாமல் அப்படியே கிடந்து, கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் பிடியுங்கள். முழு வாக்கியம் எழுத வேண்டியதில்லை. “பழைய வீடு, மாடிப்படி, அத்தை, செருப்பு காணோம்” போதும். சில வாரங்களில் திரும்பத் திரும்ப வருவது எது என்று தெரிந்துவிடும். பள்ளி முடித்துப் பல வருடம் ஆனபின்னும் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தப் பரீட்சை ஹால்தான் உங்களுக்கு ‘இது கனவு’ என்று காட்டும் அடையாளம். “அடுத்தமுறை வினாத்தாளைப் பார்த்ததும் இது கனவென்று புரியும்” என்று படுக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

கனவென்று தெரிந்த நொடியில் குதித்துப் பறக்கப் பார்ப்பதால் விழித்துக்கொள்பவர்கள் ஏராளம். உற்சாகமே எழுப்பிவிடும். முதலில் உள்ளங்கைகளைத் தேயுங்கள், சுவரைத் தொட்டுப் பாருங்கள், காட்சி நிலைக்கட்டும். பறப்பதெல்லாம் அப்புறம்.

நடுவில் எழுந்து படுக்கும்போது சிலருக்கு உடம்பு அசையாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். ரெம் தூக்கத்தில் தசைகள் செயலற்றுப் போவது இயல்பு. அது விலகுமுன் மூளை விழித்துக்கொள்வதால் வருவது இது. திமிறினால் பயம் கூடும். விரல் நுனியை அசைக்கப் பார்த்தபடி சும்மா கிடந்தால் சிறிது நேரத்தில் விலகிவிடும். அடிக்கடி வந்தால் இந்த முயற்சியையே கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். எது நிஜம், எது கனவு என்று விழித்திருக்கும்போதே குழம்புகிற மனநலச் சிக்கல் உள்ளவர்கள் இதில் இறங்கவே வேண்டாம்.

மாத்திரைக் கதைக்கு வருவோம். இப்படிக் கனவு வரவழைக்க என்று இணையத்தில் சிபாரிசு செய்யப்படும் கேலன்டமைன், அல்சைமர் நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து. வாந்தி, குமட்டல், இதயத்துடிப்பு குறைதல் எல்லாம் அதோடு வரும். அதே சிபாரிசுகளில் வரும் வைட்டமின் பி6ஐ அதிக அளவில் நீண்ட நாள் விழுங்கினால் நரம்பு பாதிக்கும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ரெம் தூக்கத்தைக் குறைக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, கனவுக்காக அவற்றைத் தானாக நிறுத்துவது. மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட அதை நிறுத்தாதீர்கள்.