குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? மூன்று இடத்தில் பிடித்துப் பாருங்கள்

போன மழைக்காலத்தில் என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "மெட்ரோ வாட்டர்தான் சார், டி.டி.எஸ். 180தான் இருக்கு" என்றேன். அந்த எண்ணுக்கும் அவள் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் சொன்னபோதுதான் தெரிந்தது.

டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை மட்டும்தான். கிருமி அதற்குத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரும் 180 காட்டலாம். வீட்டுக்கு வந்து மீட்டரை முக்கிக் காட்டி ஆர்.ஓ. மெஷின் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆகவே மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, நாங்கள் செய்த வரிசையிலேயே நீங்களும் செய்து பாருங்கள்.

படி 1: எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர்?

சென்னை வீடுகளில் குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணீர் தரைக்கடியில் இருக்கும் சம்ப்புத் தொட்டிக்கு வரும், போர் தண்ணீர் நேராக மேல்தொட்டிக்கு ஏறும். சில வீடுகளில் இரண்டும் மேலே கலந்துவிடும். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் வால்வை மூடிவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறங்கள். தண்ணீர் நின்றுபோனால், நீங்கள் குடிப்பது தொட்டித் தண்ணீர்.

படி 2: சம்ப்பைச் சுற்றி நடந்து பாருங்கள்

இதற்குக் காசு செலவில்லை, பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். கழிவுநீர் சேம்பர் சம்ப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? மூடியின் விளிம்பு தரையை விட உயரமாக இருக்கிறதா, மழைத்தண்ணீர் உள்ளே வழியுமா? டார்ச் அடித்து உள்சுவரைப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஈரக்கோடு கசிந்தால், அந்தக் கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். எங்கள் சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தது. சேம்பர் நான்கடி தள்ளி.

தெருக்குழாயிலும் ஒரு சிக்கல் உண்டு. நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் குழாயில் அழுத்தம் இருப்பதால் வெளி அழுக்கு உள்ளே வராது. நம் ஊரில் சில மணி நேரம் விட்டு நிறுத்துகிறார்கள். நின்றதும் குழாய் காலியாகி, இணைப்பில் கசிவு இருந்தால் சுற்றியிருக்கும் சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் திறந்ததும் முதலில் வருவது அதுதான். முதல் சில நிமிடத் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். மெட்ரோ லைனில் நேராக மோட்டார் போட்டு இழுத்தால் அந்த உறிஞ்சல் இன்னும் மோசமாகும்.

படி 3: குளோரினை மூன்று இடத்தில் பாருங்கள்

கிருமியைக் கொல்லத் தண்ணீரில் கலக்கும் மருந்துதான் குளோரின். அது மிச்சம் இருக்கிறதா என்று சொட்டு மருந்து போட்டு நிறம் பார்க்கும் சின்ன கிட் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். தெருவிலிருந்து வரும் குழாய், சம்ப், சமையலறைக் குழாய் ஆகிய மூன்று இடத்திலும் ஒரே காலையில் தண்ணீர் பிடித்துச் சோதியுங்கள். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்கக் கூடாது.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். தெருக்குழாயில் நிறம் வந்து சமையலறையில் வராவிட்டால், இடையில் உங்கள் வீட்டுக்குள்தான் ஏதோ நடந்திருக்கிறது. தேங்கி நின்றாலே குளோரின் குறையும் என்பதால் இதை மட்டும் வைத்துச் சாக்கடை கலந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் காவல் போய்விட்டது என்பது உறுதி.

படி 4: கறுக்கும் குப்பி

மலக்கழிவுக் கிருமி இருந்தால் கறுக்கும் சோதனைக் குப்பி இது. எச்.டூ.எஸ். குப்பி என்று கேட்டு வாங்குங்கள். குழாய் வாயைத் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, குப்பியின் உள்பக்கம் விரல் படாமல் கோடு வரை நிரப்பி மூடுங்கள். வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம், அன்றே கொதிக்கவைக்கத் தொடங்குங்கள். கறுக்காததை முழு உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிந்ததும் குப்பிக்குள் பிளீச்சிங் கரைசல் ஊற்றிவிட்டுக் கழிவறையில் கொட்டுங்கள்.

படி 5: போர் தண்ணீர் என்றால் லேப்

நைட்ரேட், ஃபுளோரைடு இரண்டும் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. தரநிலையில் நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். ஃபுளோரைடு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து குழந்தைகளின் பற்களில் கறை விழுந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் லேப்கள் இருக்கின்றன. கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், ஐஸில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். அறிக்கையில் 100 மில்லி தண்ணீரில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி இருக்கவே கூடாது.

படி 6: சரி செய்வது

கிருமிதான் பிரச்சினை என்றால் கொதிக்கவைப்பதை மிஞ்சியது எதுவும் இல்லை. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு முழு நிமிடம் விட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் கொதித்தாலும் போகாது. அங்கேதான் கரைந்த உப்பையும் வடிகட்டும் ஆர்.ஓ. மெஷின் தேவை.

தொட்டியைக் கழுவியபின் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் புது பிளீச்சிங் பவுடர் போதும். பக்கெட்டில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் பொறுங்கள்.

காமாலைக் கிருமி உள்ளே போய் ஏறக்குறைய நான்கு வாரம் கழித்துத்தான் நோய் தெரியும் என்றார் டாக்டர். அப்படியானால் என் மகள் குடித்தது ஒரு மாதத்துக்கு முந்தைய தண்ணீர். அதற்குள் வீட்டில் எல்லோரும் அதையே குடித்திருந்தோம்.

சம்ப் மூடியைச் சிமெண்ட் வைத்து உயர்த்தினோம், சேம்பர் குழாயை மாற்றினோம். ஒரு வாரம் கழித்து அதே மூன்று இடத்தில் மறுபடி பார்த்தபோது சம்ப் நன்றாக இருந்தது, சமையலறைக் குப்பி மட்டும் கறுத்தது. மேல்தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாயில் வலை இல்லை, உள்ளே புறா எச்சம். வலை கட்டி, தொட்டியை மறுபடி கழுவியபின்தான் குப்பி நிறம் மாறாமல் நின்றது.